முடிவில்லா ஆட்டமும் முடிவில்லா வீட்டுவேலையும்: 1983ஆம் ஆண்டின் விளம்பரக் காணொளி விளையாட்டுகள் – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்காவில் 1983ஆம் ஆண்டு, வீட்டு உபயோகப் பொருள்களையும் உணவுப் பொருள்களையும் விற்கும் நிறுவனங்கள் தம் பொருள்களை விளம்பரப்படுத்துவதற்கெனக் காணொளி விளையாட்டுகளை வெளியிட்டன. அவற்றுட் சில அஞ்சல் வழியாக மட்டுமே கிடைத்தமையால் இன்று அரியனவாகக் கருதப்படுகின்றன. சேகரிப்பாளர் அவற்றின் அருமையைப் போற்றும் அளவுக்கு, அவற்றின் ஆட்டவிதிகள் உணர்த்தும் பொருள் ஆராயப்படவில்லை. ‘டூத் ப்ரொடெக்டர்ஸ்’, ‘கூல்-எய்ட் மேன்’, ‘சேஸ் த சக் வேகன்’ ஆகிய மூன்றையும் முதன்மையாகவும், ‘பெப்சி இன்வேடர்ஸ்’, ‘பெப்சிமேன்’ ஆகிய இரண்டை ஒப்பீட்டுக்காகவும் எடுத்துக்கொள்ளும் இக்கட்டுரை, தோல்வியிலன்றி முடியாத ஆட்ட வடிவம், பாதுகாப்பை உறுதியளிக்கும் விளம்பர வாக்குறுதியோடு முரண்படுவதை எடுத்துக்காட்டுகிறது. அம்முரண் வழியாகவே, வீட்டுவேலைக்கு முடிவில்லை எனும் உண்மை விளம்பரக்காரர் கருதாமலே வெளிப்படுகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: விளம்பரம், காணொளி விளையாட்டு, ஆட்டவிதி, வீட்டுவேலை, நுகர்வு, அருமை.

முன்னுரை

விளம்பரம் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் அதன் சொல்லையும் படத்தையும் பற்றியே அமைகின்றன. முழக்கத்தொடர், உவமை, மிகைக்கூற்று, வண்ணம், நடிப்பு முதலியன ஆய்வுப் பொருளாகின்றன. காணொளி விளையாட்டு வடிவில் வரும் விளம்பரத்திலோ சொல் மிகக் குறைவு. படமும் ஒருசில கட்டங்களால் ஆனது. ஆடுபவர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது, எதனால் மதிப்பெண் பெறுவார், எதனால் தோற்பார் எனும் விதிகளே அங்குப் பொருளுணர்த்தும் கருவிகள்.

விதிகளும் வற்புறுத்த வல்லவை என்பதை இயன் போகோஸ்ட் 2007ஆம் ஆண்டு வெளிவந்த ‘பெர்சுவேசிவ் கேம்ஸ்’ எனும் நூலில் விரிவாக நிறுவினார். ‘புரொசீஜரல் ரெட்டரிக்’ என அவர் பெயரிட்ட இக்கருத்தைத் தமிழில் ‘விதிவழி வற்புறுத்தல்’ எனலாம். பொருளின் பயனைச் செய்துகாட்டுவது, பொருளை முன்னிறுத்தி நினைவூட்டுவது, பொருளை ஒரு வாழ்க்கைமுறையோடு இணைத்துக்காட்டுவது என விளம்பரத்தை மூவகைப்படுத்தும் அவர், செய்துகாட்டுவதற்கு விளையாட்டே மிகப் பொருத்தமான ஊடகம் எனக் கருதுகிறார்.

எனினும் இங்கு ஒரு வினா எழுகிறது. பொருளின் பயனைச் செய்துகாட்டும் விளையாட்டு, அப்பொருள் பயன்படாது போகும் கணத்தையும் சேர்த்தே காட்டினால் அவ்விளம்பரத்தின் நிலை யாது? சொல்லின் பொருள் வெளிப்படையாகத் தெரிவதும் குறிப்பால் தோன்றுவதும் என இருவகைப்படும் எனத் தொல்காப்பியச் சொல்லதிகாரம் வகுக்கிறது. சொல்லுக்கு வகுத்த இப்பாகுபாட்டை ஆட்டவிதிக்கும் விரித்துப் பார்க்க இடமுண்டு. 1983ஆம் ஆண்டின் விளம்பர விளையாட்டுகளில் வெளிப்படைப் பொருள் பண்டத்தைப் புகழ்கிறது. குறிப்புப் பொருளோ அப்புகழ்ச்சியை மறுக்கிறது.

விளம்பரம் விளையாட்டு வடிவெடுத்த சூழல்

அடாரி 2600 எனப் பின்னர் அழைக்கப்பட்ட வீட்டு விளையாட்டுக் கருவி 1977ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. தொலைக்காட்சியோடு இணைத்து, ஒரு கைப்பிடியும் ஒரே பொத்தானும் கொண்டு ஆடத்தக்க இக்கருவியின் நினைவகம் 128 பைட்டுகளே. தனித்தனிக் கார்ட்ரிட்ஜ்களைச் செருகி வெவ்வேறு விளையாட்டுகளை ஆடலாம். 1979ஆம் ஆண்டு ஆக்டிவிஷன் எனும் நிறுவனம் தோன்றிய பின், கருவியை உருவாக்கிய அடாரி மட்டுமன்றிப் பிறரும் கார்ட்ரிட்ஜ்களைத் தயாரிக்கும் வழக்கம் ஏற்பட்டது. பொம்மை, உணவு, வீட்டு உபயோகப் பொருள் ஆகிய துறைகளைச் சார்ந்தோரும் இதனைப் பயன்படுத்திக்கொண்டனர். 1983இல் அமெரிக்கக் காணொளி விளையாட்டுச் சந்தை பெருஞ்சரிவைச் சந்தித்தது. ஆய்வுக்குரிய மூன்று விளையாட்டுகளும் அவ்வாண்டிலேயே வெளிவந்தன.

இவற்றின் வினியோகமுறையும் கருதத்தக்கது. நாய் உணவுப் பொதியில் அச்சிடப்பட்ட கொள்முதல் சான்றுகளை வெட்டி அஞ்சலில் அனுப்பியவர்க்கே ‘சேஸ் த சக் வேகன்’ கிடைத்தது. ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனத்தின் ‘டூத் ப்ரொடெக்டர்ஸ்’ விளையாட்டும் அஞ்சல் வழியாகவே கிடைத்தது. ‘கூல்-எய்ட் மேன்’ கடைகளிலும் கிடைத்தது. பொதிகளிலுள்ள சான்றுகளைச் சேர்த்து அனுப்பியும் அதனைப் பெறலாம். மேலுறைகளைச் சேர்த்து அனுப்பிப் பரிசு பெறும் வழக்கத்தைத் தமிழ் வாசகரும் அறிவர். இம்முறையில் பொருளை வாங்குபவர் ஒருவர், பரிசைத் துய்ப்பவர் மற்றொருவர். பெரியவர் வாங்குகிறார், சிறுவர் ஆடுகிறார். இப்பிரிவு ஆட்டவிதிகளுக்குள்ளும் ஊடுருவியிருப்பதைப் பின்னர்க் காணலாம்.

பல்லைக் காத்தல்: அன்றாடம் ஆபத்தாதல்

‘டூத் ப்ரொடெக்டர்ஸ்’ விளையாட்டில் திரையின் கீழே பல்வரிசை உள்ளது. மேலே ‘ஸ்நாக் அட்டாக்கர்ஸ்’ எனப் பெயரிய தின்பண்டப் பகைவர் உலவித் துணுக்குகளை வீழ்த்துகின்றனர். பற்காவலரை இடமும் வலமுமாக நகர்த்தி, வீழ்வனவற்றைப் பல்லின்மேல் படாமல் தடுப்பது ஆடுபவரின் பணி. ஒரு பல் பலமுறை தாக்கப்பட்டால் சொத்தையாகத் தொடங்கும். அப்போது பொத்தானை அழுத்தினால் பல்துலக்கி, பல்லிடுக்கு நூல், வாய்கொப்பளிக்கும் நீர்மம் ஆகியன வந்து அப்பல்லைச் சீர்செய்யும். வந்து உதவும் மூன்றும், விளம்பரம் செய்யும் நிறுவனம் விற்கும் பொருள்வகைகளே.

செய்துகாட்டும் விளம்பரத்துக்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு. பண்டம் அலங்காரமாகவன்றி, ஆட்டத்தின் செயலாகவே இடம்பெறுகிறது. இனிப்புத் தின்பண்டத்தால் பல் கெடும், துலக்கினால் காக்கலாம் எனும் காரண காரியத் தொடர்பை ஆடுபவரின் கையே உணர்ந்துகொள்கிறது. மூன்று விளையாட்டுகளுள் கருத்தும் விதியும் நன்கு பொருந்திய ஆக்கம் இதுவே எனலாம்.

ஆயினும் இரண்டு முரண்கள் புலப்படுகின்றன. முதலாவது, பல் துலக்குதல் அன்றாடக் கடமை. கேடு வரினும் வராவிடினும் செய்யவேண்டிய, கிளர்ச்சியற்ற பழக்கம் அது. விளையாட்டிலோ பல்துலக்கி கேடு தொடங்கிய பின்னரே வருகிறது. அன்றாடப் பழக்கம் ஆபத்துக்கால மீட்பாக உருமாறுகிறது. நலவாழ்வு நோக்கில் இது பிழையான பாடம். விளம்பர நோக்கில் அச்சத்தை விதைக்கும் உத்தி. இரண்டாவது, பகைவரின் வேகம் கூடிக்கொண்டே செல்கிறது. ஆடுபவர் எவ்வளவு திறம் பெற்றவராயினும் ஒரு கட்டத்தில் கை தளர்கிறது. பற்கள் ஒவ்வொன்றாக அழிகின்றன. பல்லிழந்த வாயே ஆட்டத்தின் முடிவுக் காட்சி. பல்லைக் காக்கும் பொருளை விற்பதற்கு எழுந்த விளையாட்டு, அப்பொருள் கையிலிருந்தும் பல் அழிவதைக் காட்டி முடிகிறது.

தாகம் பகையாதல்: ஒரு பெயர், இரு விளையாட்டுகள்

கூல்-எய்ட் என்பது சர்க்கரையும் நீரும் சேர்த்துக் கலக்கும் பானத்தூள். 1927ஆம் ஆண்டு நெப்ராஸ்கா மாநிலத்தின் ஹேஸ்டிங்ஸ் நகரில் எட்வின் பெர்கின்ஸ் இதனை உருவாக்கினார். இதன் தொலைக்காட்சி விளம்பரங்களில், தாகமுற்ற சிறுவர் அழைத்ததும் முகம் வரைந்த பெருங்குடுவை வடிவினரான கூல்-எய்ட் மனிதர் சுவரை உடைத்துக்கொண்டு வருவார். தாகமுற்றோர்க்கு உதவுபவர் என்பதே அவ்வுருவின் பொருள்.

மாட்டல் நிறுவனம் அடாரி 2600 கருவிக்கும் தனது இன்டெலிவிஷன் கருவிக்கும் இப்பெயரில் இரு விளையாட்டுகளை வெளியிட்டது. பெயர் ஒன்றாயினும் விதிகள் வேறு. அடாரி வடிவில் திரையின் கீழே ஒரு குளம் உள்ளது. ‘தர்ஸ்டீஸ்’ எனப்படும் தாக உருக்கள் உறிஞ்சுகுழல் இட்டு அந்நீரைப் பருகுகின்றன. பருகும் உருவை மோதி அகற்றி நீரைக் காப்பது கூல்-எய்ட் மனிதரின் பணி. நீர் முற்றும் வற்றினால் ஆட்டம் முடிகிறது.

இவ்விதி உணர்த்தும் பொருள் வியப்பைத் தருவது. விளம்பரத்தில் தாகமுற்றோர் விருந்தினர். விளையாட்டில் அவர்களே பகைவர். விளம்பரத்தில் குடுவை ஊற்றிக் கொடுக்கிறது. விளையாட்டில் அது யாரையும் பருகவிடாமல் தடுக்கிறது. தாக உருக்கள் தாகம் எனும் உணர்வின் உருவகமே எனக் கொண்டாலும் சிக்கல் தீரவில்லை. அவை செய்யும் செயல் பருகுதல், தண்டிக்கப்படுவதும் அப்பருகுதலே. மேலிருந்து வரும் பகையைத் தடுத்துக் கீழுள்ள உடைமையைக் காக்கும் ஆட்டவடிவம் அக்காலத்தில் பெருவழக்காக இருந்தது. அவ்வடிவத்துக்குள் பானத்தைப் பொருத்தியதும், கொடை காவலாகத் திரிந்துவிட்டது.

இன்டெலிவிஷன் வடிவம் வேறொரு வழியை மேற்கொள்கிறது. அங்கு இரு சிறுவர் ஒரு வீட்டுக்குள் தாக உருக்களுக்குத் தப்பிக் குடுவை, சர்க்கரை, பானத்தூள் முதலியவற்றைத் தேடித் திரட்டுகின்றனர். திரட்டிய பின்னரே கூல்-எய்ட் மனிதர் தோன்றுகிறார். பானம் கலக்கும் வீட்டுவேலையே இங்கு ஆட்டத்தின் தேடலாகிறது. பொருளின் பயன்பாட்டு முறையை இவ்வடிவம் செம்மையாகச் செய்துகாட்டுகிறது. ஆனால் தாயோ தந்தையோ அவ்வீட்டில் காணப்படவில்லை. சமையலறைப் பணி உண்டு. அப்பணியை நாளும் செய்பவர் இல்லை. ஒரே ஆண்டில் ஒரே பெயரில் வெளியான இரு ஆக்கங்கள் இவ்வாறு எதிரெதிர்ப் பொருள் தருவது, பொருளை முடிவுசெய்வது சின்னமோ பெயரோ அன்று, விதியே என்பதற்குத் தக்க சான்று.

நாயின் இடத்தில் சிறுவர்

‘சேஸ் த சக் வேகன்’, ரால்ஸ்டன் பியூரினா நிறுவனத்தின் நாய் உணவுக்காக ஸ்பெக்ட்ராவிஷன் வெளியிட்டது. சிறு வண்டியொன்று சமையலறைத் தரையில் ஓட, நாய் துரத்த, வண்டி அலமாரிக்குள் மறையும் தொலைக்காட்சி விளம்பரமே இதன் மூலம். விளையாட்டில் ஆடுபவர் நாயாகிறார். சிக்கல்வழிகளுக்குள் நாய்பிடிப்பவனுக்கு அகப்படாமல், குறித்த நேரத்துக்குள் வண்டியை அடைய வேண்டும். அடைந்ததும் அடுத்த சிக்கல்வழி காத்திருக்கிறது.

ஆக்க நேர்த்தியில் மூன்றனுள் இதுவே எளியது. சிக்கல்வழி ஆட்டங்கள் பெருகியிருந்த காலத்தில் இதன் விதிகளிற் புதுமை ஏதுமில்லை. எனினும் இதன் பார்வைக்கோணம் கூர்ந்து நோக்கத்தக்கது. நாய் உணவை வாங்குபவர் நாயன்று. உண்பதே அதன் பங்கு. ஆடுபவர் வாங்குபவராகவோ வளர்ப்பவராகவோ அமைக்கப்படாமல், உண்ணும் உயிராக அமைக்கப்பட்டுள்ளார். வீட்டில் உணவை வாங்காமல் உண்ணும் மற்றோர் உயிர் சிறுவரே. கொள்முதல் சான்றை வெட்டி அனுப்பும் பெரியவருக்கும் கார்ட்ரிட்ஜைச் செருகும் சிறுவருக்கும் இடையிலான உறவு, வளர்ப்பவருக்கும் நாய்க்கும் இடையிலான உறவோடு இங்கு ஒப்புமை பெறுகிறது. நுகர்வோர் என ஒற்றைச் சொல்லால் விளம்பரவியல் குறிப்பிடும் இடத்தில் வாங்குபவர், பரிமாறுபவர், உண்பவர் என மூவர் உள்ளனர். இவ்விளையாட்டு மூன்றாமவரை மட்டும் திரையில் நிறுத்தி, முன்னிருவரையும் மறைத்துவிடுகிறது. பரிமாறும் கை இல்லாமல் தானே ஓடும் வண்டி அம்மறைப்பின் குறியீடு.

உறுதிசெய்யப்பட்ட வெற்றி

மேற்கண்ட விளையாட்டுகள் ஆடுபவரைத் தோல்விக்கே இட்டுச் செல்வது கருவியின் குறைபாட்டால் நேர்ந்தது எனக் கருத இடமில்லை. இதே அடாரி 2600 கருவியில் 1980இல் வெளிவந்த வாரன் ராபினெட்டின் ‘அட்வென்ச்சர்’, கிண்ணத்தைக் கோட்டைக்குக் கொணர்ந்ததும் வெற்றியில் முடிகிறது. டேவிட் கிரேன் உருவாக்கி 1982இல் வெளிவந்த ‘பிட்ஃபால்’, 32 புதையல்களை 20 நிமிடங்களுக்குள் திரட்டும் இலக்கை உடையது. வெற்றியோடு முடியும் ஆட்டத்தை அமைக்க வழியிருந்தது. விளம்பர விளையாட்டுகள் அதனை விடுத்து, காசு போட்டு ஆடும் கூடங்களிலிருந்து வந்த முடிவில்லா வடிவத்தையே பின்பற்றின. கூடத்தில் தோல்வி வணிகத் தேவை. தோற்றவர் மீண்டும் காசு போடுவார். வீட்டில் காசுத்துளை இல்லை. பயனற்ற இடத்திலும் தோல்வி பழக்கத்தால் நீடித்தது.

விளம்பரம் செய்யும் நிறுவனம் தன் விருப்பத்துக்கு ஏற்ப விதியை மாற்றினால் விளையாட்டு எவ்வாறு அமையும் என்பதற்குப் ‘பெப்சி இன்வேடர்ஸ்’ சான்று. 1983ஆம் ஆண்டு அட்லாண்டாவில் நடைபெற்ற விற்பனை மாநாட்டில் தன் ஊழியர்க்கு வழங்குவதற்காகக் கோகோ-கோலா நிறுவனம் அடாரியிடம் கேட்டுப் பெற்றது இது. 125 கார்ட்ரிட்ஜ்களே உருவாயின. புகழ்பெற்ற ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ விளையாட்டின் வேற்றுலகப் பகைவரிசை, போட்டி நிறுவனத்தின் பெயரெழுத்துகளாக மாற்றப்பட்டது. அதனினும் முதன்மையானவை விதி மாற்றங்கள். ஆடுபவருக்கு உயிர்கள் எண்ணற்றவை. மூன்று நிமிடங்களில் ஆட்டம் நிற்கும். நின்றதும் கோக் வென்றது எனத் திரை அறிவிக்கும். தோற்க வழியே இல்லை. பொதுமக்களுக்கு அளித்த விளையாட்டுகளில் தோல்வி உறுதி. விற்பனையாளர்க்கு அளித்த விளையாட்டில் வெற்றி உறுதி. வணிகம் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள விரும்பும் கதை எது என்பதை இவ்வேறுபாடு தெளிவாக உணர்த்துகிறது.

1999இல் ஜப்பானில் மட்டும் பிளேஸ்டேஷன் கருவிக்கு வெளிவந்த ‘பெப்சிமேன்’ பிற்கால வளர்ச்சியைக் காட்டுகிறது. கிட் எனும் நிறுவனம் உருவாக்கிய இதில், தடைகளைத் தாண்டி ஓடும் நாயகன் தாகமுற்றோர்க்குப் பானத்தைக் கொண்டு சேர்க்கிறான். ஒவ்வொரு கட்டத்துக்கும் இறுதி உண்டு. விளையாட்டுக்கும் நிறைவு உண்டு. கூல்-எய்ட் விளையாட்டில் பகைவராயிருந்த தாகமுற்றோர் இங்கு உதவி பெறுவோர் ஆகின்றனர். விளம்பர வாக்குறுதியும் ஆட்டவிதியும் இங்கு ஒன்றுபடுகின்றன. முரண் நீங்கியதும் விளையாட்டு செம்மையுற்றது. கூடவே, விளம்பரம் கூறாததை விதி கூறும் வாய்ப்பும் நீங்கியது.

தோல்வியின் பொருள்: ஒரு மறுப்பும் விடையும்

தோற்பவர் ஆடுபவரே, பண்டமன்று. ஆகவே தோல்வி விளம்பரத்தைப் பாதிக்காது என மறுக்கலாம். இம்மறுப்பில் ஓரளவு உண்மை உண்டு. கைத்திறன் குறைவால் தோற்றதாகவே சிறுவர் உணர்வர், மீண்டும் ஆடுவர், பண்டத்தின் பெயர் மனத்திற் பதியும். நினைவூட்டும் விளம்பரத்துக்கு இது போதும்.

ஆயினும் செய்துகாட்டும் விளம்பரத்துக்கு இவ்விடை பொருந்தாது. பண்டத்தின் பயனை விதியால் நிறுவும் ஆக்கம், விதியின் விளைவு முழுமைக்கும் பொறுப்பேற்க வேண்டும். அவ்வாறு நோக்கும்போது தோல்விக்கு ஆழ்ந்த பொருள் புலனாகிறது. பல்துலக்கி தேயும், பானத்தூள் தீரும், நாய் உண்டபின் மீண்டும் பசிக்கும். வீட்டுப் பண்டங்கள் யாவும் தீர்ந்து மீண்டும் வாங்கப்படுவன. அவற்றைக் கொண்டு செய்யும் துலக்குதல், கலக்குதல், ஊட்டுதல் ஆகியனவும் முடிந்தபின் மீண்டும் தொடங்குவன. தொலைக்காட்சி விளம்பரம் ஒரு நிகழ்வைக் காட்டி, புன்னகையோடு நிறைவுசெய்து, இச்சுழற்சியை மறைக்கிறது. விளையாட்டோ, கட்டம் முடிந்ததும் அடுத்த கட்டத்தை விரைவாகத் தொடங்கி, கை ஓயும் வரை நிறுத்துவதில்லை. இளைப்பாறுதல் இல்லை, நிறைவு இல்லை, செய்தவற்றுக்கு எஞ்சும் அடையாளமும் இல்லை. கருவியை அணைத்ததும் மதிப்பெண்ணும் அழிகிறது. வீட்டுவேலை செய்வோர் நாள்தோறும் அறிந்த உண்மை இது. வீட்டுவேலை செய்வோரைத் திரையிலிருந்து நீக்கிய விளையாட்டு, அவர்தம் உழைப்பின் இயல்பை ஆட்ட வடிவில் காட்டிவிடுகிறது.

அரும்பொருளும் ஆராயப்படாத பனுவலும்

இவ்விளையாட்டுகள் இன்று அறியப்படுவது அருமையினாலேயே. சேகரிப்பாளரிடையே ‘சேஸ் த சக் வேகன்’ எனும் பெயர் நெடுங்காலம் கிடைத்தற்கரிய கார்ட்ரிட்ஜைக் குறிக்கும் வழக்காகவே நிலவியது. ஆனால் அருமை ஆக்கத்தின் பண்பன்று, வினியோகத்தின் விளைவு. அஞ்சல் வழியாக மட்டும் அளித்தமையும், விளம்பரப் பொருள் என்பதால் பேணப்படாமையும் சேர்ந்தே இவற்றை அரியனவாக்கின. இலவசமாகவோ ஏறத்தாழ இலவசமாகவோ அளித்த பொருள், பண்டத்தை விடப் பன்மடங்கு விலை பெறுவது விளம்பர வரலாற்றின் நகைமுரண்களுள் ஒன்று.

அருமையை அளவிடும் பட்டியல்கள் பெட்டியின் நிலை, கையேட்டின் இருப்பு, விலை ஆகியவற்றைப் பதிவுசெய்கின்றன. ஆட்டவிதியை அவை விளக்குவதில்லை. உறை பிரிக்கப்படாத கார்ட்ரிட்ஜே மிகுவிலை பெறுகிறது என்பது, ஆடப்படாத விளையாட்டே உயர்ந்தது எனக் கூறுவதற்கு ஒப்பாகும். திறனாய்வுக்கோ ஆடுதலே வாசிப்பு. கார்ட்ரிட்ஜின் நிரல் படியெடுக்கப்பட்டு, பழங்கருவியைப் போலச் செயற்படும் மென்பொருள்களில் இன்று ஆடத்தக்கதாயுள்ளது. அரும்பொருள் சிலரிடம் இருப்பினும் பனுவல் பலருக்கும் எட்டும் நிலையில் உள்ளது. ஆயினும் நிரல் மட்டும் போதாது. எத்தனை சான்றுகளை வெட்டி அனுப்ப வேண்டும், எந்த விளம்பரத்தின் நினைவோடு ஆடினர் என்பனவும் பனுவலின் பகுதிகளே. பொதி, கூப்பன், கையேடு, தொலைக்காட்சி விளம்பரம் ஆகியவற்றோடு சேர்த்துப் பேணினாலன்றி விதியின் குறிப்புப் பொருள் முழுமையாகப் புலப்படாது.

முடிவுரை

இக்கட்டுரையின் முடிவுகளாகப் பின்வருவனவற்றைக் கூறலாம். விளம்பர விளையாட்டின் பொருள் அதன் சின்னத்தைவிட விதியிலேயே மிகுதியும் தங்கியுள்ளது. ‘கூல்-எய்ட் மேன்’ இரு வடிவங்கள் இதற்குச் சான்று. ஆடுபவரை உண்பவராக மட்டும் அமைப்பதன்வழி, வாங்குவோரும் பரிமாறுவோரும் மறைக்கப்படுகின்றனர். தோல்வியில் முடியும் ஆட்ட வடிவம் விளம்பர வாக்குறுதியை மறுக்கிறது. அம்மறுப்பு வீட்டுவேலையின் முடிவின்மையைக் குறிப்பால் உணர்த்துகிறது. வெற்றியை உறுதிசெய்த ‘பெப்சி இன்வேடர்ஸ்’ விற்பனையாளர்க்கென ஆக்கப்பட்டது என்பது இம்முடிவை வலுப்படுத்துகிறது.

விளம்பரத்தின் சொல்லை ஆராய்வோர் அது கூறுவதை அறிவர். அதன் விதியை ஆராய்வோர் அது மறைக்க முயன்று மறைக்க இயலாததையும் அறிவர். சொத்தைப் பற்களும் வற்றிய குளமும் விளம்பரக்காரர் காட்ட எண்ணியவை அல்ல. எனினும், அவர் விற்ற பொருள்களைக் கையில் ஏந்தி உழைத்தோரின் அன்றாடத்துக்கு அவையே நெருக்கமான சித்திரங்கள்.